கடைக் கல்லில் மிஞ்சிய எண்ணெய்

பிளவக்கல் அணைக்குப் போகும் சாலையில், தென்னந்தோப்புகளின் நிழலில் எங்கள் பழைய அம்பாசடர் செல்லும்போது, நடந்து போகிறவர்கள் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். பக்கத்தில் எங்கோ பரோட்டாக் கடை இருக்க வேண்டும் என்று தேடும் பார்வை அது. கடை எதுவும் இராது. அந்த மணம் எங்கள் வண்டியின் புகைக்குழாயிலிருந்து வந்துகொண்டிருக்கும். கூமாப்பட்டிப் பிள்ளைகள் அதற்குப் 'பரோட்டா வண்டி' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்த வண்டியைக் கடையில் மிஞ்சிய எண்ணெயைச் சூடாக்கி ஓட்டினோம். இதைக் கேள்விப்பட்ட ஒவ்வொருவரும் முதலில் கேட்டது, "டீசலுக்கு எவ்வளவு மிச்சம்?" என்பதுதான். மிச்சம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் நாங்கள் அதற்காகத் தொடங்கவில்லை. ஏன் தொடங்கினோம் என்பதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு தகர டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எங்களுக்குப் பெருமை தரும் கதையன்று.

எங்கள் கடை வத்திராயிருப்பில் இருக்கிறது. அத்தா தொடங்கியது, இப்போது நாங்கள் இருவரும் நடத்துகிறோம். எங்களில் ஒருவர் கல்லின் முன் நிற்பார், மற்றவர் கணக்கைப் பார்ப்பார். விருதுநகர் மாவட்டத்தில் பரோட்டா என்றால் எண்ணெயில் பொரித்த பரோட்டாதான் என்பதை நீங்கள் அறிவீர்கள். விளிம்பு உயர்ந்த வட்டக் கல்லில் எண்ணெய் குளம்போல் நிற்கும். அதில் பரோட்டா மிதந்து மொறுமொறுப்பாகும். மாலையில் கோழியும் மீனும் பொரிப்போம். இரவு கடை மூடும்போது கல்லிலும் சட்டியிலும் கருத்த எண்ணெய் மிஞ்சும். நான்கைந்து நாள்களில் ஒரு டின் நிறையும்.

அந்த டின்னை வாங்கிப் போக ஒருவர் வாரந்தோறும் மொபெட்டில் வருவார். சோப்புக்குப் போகிறது என்று சொல்வார். டின்னுக்கு 700 ரூபாய் கொடுப்பார். புது எண்ணெயோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகப் பழைய எண்ணெய் டின்களில் பச்சைப் பெயின்டால் ஒரு குறுக்குக் கோடு இழுத்து வைப்பது எங்கள் வழக்கம். கணக்கு நோட்டில் 'ப.எ.' என்று ஒரு பத்தியே இருந்தது. இப்படி இரண்டு ஆண்டுகள் போயின.

2019-இல் ஒரு நாள் திருவில்லிபுத்தூருக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தோம். பள்ளிக்கூடம் விடும் நேரம். வாசலருகே ஒரு தள்ளுவண்டியில் பஜ்ஜி கொதித்துக்கொண்டிருந்தது. சீருடைப் பிள்ளைகள் பத்து ரூபாய்த் தாளை நீட்டியபடி சூழ்ந்து நின்றார்கள். வண்டிக்கடியில் ஒரு டின் இருந்தது. அதில் பச்சைக் கோடு.

அங்கே நின்று நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அந்தத் தள்ளுவண்டிக்காரரை என்னவென்று கேட்பது? அவர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். அடுத்த வாரம் மொபெட்காரர் வந்தபோது கேட்டோம். "வாங்குறதோட என் வேலை முடிஞ்சுது பாய். கொடுத்த இடத்துலேருந்து அது எங்க போகுதுன்னு எனக்கு என்ன தெரியும்?" என்றார். அந்தப் பதிலில் குறை கண்டுபிடிக்க எங்களால் முடியவில்லை. ஏனெனில் இரண்டு ஆண்டுகளாக நாங்களும் அதையேதான் எங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தோம். சோப்புக்கு என்று அவர் சொன்னபோது, எந்த சோப்புக் கம்பெனி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் 700 ரூபாய் நின்றுபோயிருக்கக் கூடும்.

பள்ளிவாசல் இமாமிடம் போனோம். வாங்கிய பணம் எங்களுக்கு ஆகுமா என்று கேட்டோம். அவர் உடனே தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. "தெரியாமல் விற்றீர்களா, தெரிந்துகொள்ளாமல் விற்றீர்களா?" என்று மட்டும் கேட்டார். முதல் சில மாதங்களுக்கு முதல் பதில், மற்ற மாதங்களுக்கு இரண்டாவது என்று சொன்னோம். அந்த மாதங்களின் தொகையைக் கணக்கிட்டு, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குச் சேர்த்துவிடச் சொன்னார். சேர்த்தோம். ஆனாலும் ஒவ்வொரு இரவும் கல்லில் எண்ணெய் மிஞ்சிக்கொண்டேதான் இருந்தது.

அந்த எண்ணெயில் அப்படி என்ன இருக்கிறது என்பதையும் அப்போதுதான் அக்கறையோடு படித்தோம். எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது அது உடைந்து, போலார் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருள்கள் சேர்கின்றன. அவை 25 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 10 அன்று, பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் 'ரூகோ' திட்டத்தையும் தொடங்கியது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்தும் கடைகள், எண்ணெய்க்குக் கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்றவர்களிடமே பழையதைக் கொடுக்க வேண்டும். எங்கள் கடை அந்த அளவுக்கு அருகில்கூட இல்லை. ஆகவே சட்டம் எங்களிடம் கணக்குக் கேட்கவில்லை. எங்கள் ஊர்வரை வந்து ஒரு டின் எண்ணெயை எடுத்துப் போகும் சேகரிப்பாளரும் அன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

சாக்கடையில் ஊற்றலாம் என்றால், எங்கள் தெருச் சாக்கடை கடைசியில் சேரும் இடம் கண்மாய். அணைத் தண்ணீர் வந்து நிற்கும் கண்மாயில் எண்ணெய்ப் படலம் மிதக்க விடுவது இன்னொரு கேடு. சோப்புக் காய்ச்சிப் பார்த்தோம். நாற்றமும் பிசுபிசுப்பும் போகாத ஒன்று வந்தது. எரித்துத் தீர்ப்பதே வழி என்று தோன்றியது. அப்போதுதான் கொட்டகையில் நின்ற அம்பாசடரின் நினைவு வந்தது.

அத்தா 1994-இல் வாங்கிய டீசல் வண்டி அது. 1489 சி.சி. எஞ்சின். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-இல் அம்பாசடர் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. ஆயினும் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அதன் உதிரிபாகங்களுக்கு இன்னும் பஞ்சமில்லை. டீசல் எஞ்சின் எண்ணெயில் ஓடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி உண்டு. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் வைத்திருந்த சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால் அப்படிச் செய்தார்கள். அதன் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் கடலை ஏராளமாக விளைந்ததே காரணம். மாற்றம் எதுவுமின்றி ஓடியதால், அது எண்ணெயில் ஓடுகிறது என்பதைக் கவனித்தவர்களே சிலர்தாம் என்று ருடால்ஃப் டீசல் 1912-இல் நினைவுகூர்ந்திருக்கிறார். மண்ணெண்ணெயும் டீசலும் மலிந்த பிறகு உலகம் அதை மறந்தது.

நம் பக்கத்திலும் நிகழ்ந்ததுதான். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் உடுப்பி சீனிவாசா, கர்நாடகத்தின் கக்கனஹள்ளி என்ற கிராமத்தில், புங்க எண்ணெயை அப்படியே ஊற்றி ஜெனரேட்டர்களை ஓட்டி, அந்த மின்சாரத்தால் தண்ணீர் இறைக்கச் செய்தார். நம் சாலையோரங்களில் நிற்கும் அதே புங்க மரம்தான். அதன் பிறகு வந்த காட்டாமணக்கு மோகத்தை நம் விவசாயிகள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலப்பது என்று 2003-இல் திட்டக் கமிஷன் குழு இலக்கு வைத்தது. தரிசில் தண்ணீரில்லாமல் காய்க்கும் என்று நம்பி நட்டார்கள். தண்ணீரில்லாமல் எதுவும் காய்ப்பதில்லை என்பதைக் கண்டார்கள். அது வேறு கதை.

பயோடீசல் என்பது வேறு, எண்ணெயை அப்படியே எரிப்பது வேறு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எண்ணெயோடு மெத்தனாலும் காரமும் சேர்த்து வினைபுரியச் செய்தால், கிளிசரின் பிரிந்து, டீசலைப் போன்றே மெலிந்த எரிபொருள் கிடைக்கும். அதுதான் பயோடீசல். நல்ல முறைதான். ஆனால் மெத்தனால் வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளன்று. தமிழ்நாட்டில் அதற்கு உரிமம் வேண்டும். ஒரு வாய் உள்ளே போனாலும் கண்ணையும் உயிரையும் எடுத்துவிடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டது மெத்தனாலால்தான். பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அது வேண்டாம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே எழவில்லை. அப்படியானால் எஞ்சியிருந்தது சூடு ஒன்றுதான்.

சிக்கல் எண்ணெயின் தடிமனில் இருக்கிறது. 40 டிகிரி வெப்பத்தில் கடலை எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு தடிப்பானது. நாசில் அதை மெல்லிய பனிபோல் தெளிக்க இயலாது, துளித்துளியாக விழும். துளி முழுவதும் எரியாது. எரியாதது நாசில் முனையில் கரியாகப் படியும், பிஸ்டன் ரிங்குகளைப் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும், கீழே வழிந்து எஞ்சின் ஆயிலோடு கலந்து அதைக் கூழாக்கும். ஆனால் எண்ணெயை 70, 80 டிகிரிக்குச் சூடாக்கினால் தடிமன் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. பழைய வகை எஞ்சின் அதைப் பொறுத்துக்கொள்ளும். (இன்றைய காமன் ரெயில் வண்டிகள் ஒருபோதும் பொறுக்காது. புது வண்டி வைத்திருக்கும் தம்பிகள் யாரும் இதை முயன்று பார்க்க வேண்டாம்.)

ஆகவே இரண்டு டேங்க் வேண்டும். காலையில் டீசலில் கிளப்ப வேண்டும். எஞ்சின் சூடாகி, அதன் ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெய் டேங்கையும் சூடாக்கிய பிறகு, வால்வைத் திருப்பி எண்ணெய்க்கு மாற வேண்டும். வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே மறுபடி டீசலுக்கு மாறி, குழாயிலும் பம்பிலும் உள்ள எண்ணெயை எரித்துத் தீர்த்துவிட்டே அணைக்க வேண்டும். இந்தக் கடைசி விதி முக்கியம். எங்கள் கதை அதில்தான் முறிந்தது.

மெக்கானிக் நெடுநாள் பழக்கமானவர். முதலில் சிரித்தார். பிறகு ஒரு மாதம் எங்களைவிட ஆர்வமாக அலைந்தார். டிக்கியில் ஒரு எவர்சில்வர் டிரம்மைப் பொருத்தினார். ரேடியேட்டர் ஹோஸிலிருந்து கிளை எடுத்து, டிரம்முக்குள் செப்புக் குழாயைச் சுருளாக விட்டார். நன்றாகத்தான் சூடேறியது. ஆனால் மூன்று மாதத்தில் ஃபில்டர் அடைத்துக்கொண்டே இருந்தது. திறந்து பார்த்தால் செப்புச் சுருளைச் சுற்றி பலாப்பிசின்போல் ஒரு படலம். சூடான எண்ணெயைச் செம்பு விரைவில் கெடுத்துவிடும் என்பது பிறகே தெரிந்தது. குழாயையும் எவர்சில்வருக்கு மாற்றினோம்.

இன்னொன்று. எவ்வளவு தூரம் ஓடியும் எஞ்சின் போதிய சூடு ஏறாமலே இருந்தது. காரணம் வேடிக்கையானது. நம் ஊர் வெயிலுக்கு எஞ்சின் கொதித்துவிடும் என்று பயந்து, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடுவது பட்டறைகளின் பழைய வழக்கம். எங்கள் வண்டியிலும் என்றோ கழற்றியிருந்தார்கள். ஒன்றை வாங்கி மாட்டிய பிறகே முள் சரியான இடத்தில் நின்றது.

எண்ணெயைத் தயார் செய்வது வீட்டு வேலையாயிற்று. முதலில் இரண்டு வாரம் அசையாமல் வைத்துத் தெளியவிட வேண்டும். மேலாக எடுத்துப் பழைய வேட்டித் துணியில் நான்கு மடிப்பாக வடிக்க வேண்டும். பிறகு சிறிது எண்ணெயைக் கரண்டியில் எடுத்துச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது, இன்னும் காய்ச்ச வேண்டும். தண்ணீர் போனால்தான் பம்ப் பிழைக்கும். கடைசியில் வண்டி ஃபில்டர் ஒன்றின் வழியே சொட்டுச் சொட்டாக இறக்குவோம். ரமலானில் வேலை இரட்டிப்பு. இஃப்தாருக்கு வடையும் சமோசாவும் போட்ட எண்ணெயை உறவினர்கள் வீடுகளிலிருந்து தூக்குச் சட்டிகளில் கொண்டுவந்து கொடுப்பார்கள். தங்கள் வீட்டு எண்ணெயில் வண்டி எத்தனை கிலோமீட்டர் போயிற்று என்று பெருநாளன்று பிள்ளைகள் விசாரிப்பார்கள்.

எல்லாம் இனிமையாக இருந்தது என்று சொல்ல முடியாது. சூடு பத்தாத எண்ணெய் எரியும்போது வரும் வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கொடியிலிருந்து துணிகளை எடுத்தபடி, "மதினி, சேலையெல்லாம் வடை வாடை அடிக்குது" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் வீட்டில் மூச்சிரைப்புள்ள குழந்தை இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஒருவர் வயிற்றுக்குப் போகாமல் தடுத்ததை இன்னொருவர் மூக்குக்கு அனுப்புகிறோமோ என்று அன்று தோன்றியது. அதற்குப் பிறகு தெருவைத் தாண்டும்வரை டீசல்தான் என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம்.

வீட்டிலிருந்து கடைக்கு வண்டியில் கால் மணி நேரம்தான். அதற்குள் எண்ணெய் சூடேறாது. ஆகவே எண்ணெய் ஓட்டமெல்லாம் இராஜபாளையம், விருதுநகர், மதுரை என்று நெடும்பயணங்களுக்குத்தான் பொருந்தும். இதை நன்றாக அறிந்திருந்தோம். ஆனால் கொட்டகையில் டின்கள் சேரச் சேர, சிறு பயணத்திலும் கொஞ்சம் தீர்த்துவிடலாமே என்ற ஆசை வந்தது. மிச்சம் பிடிக்கும் கணக்கு மெல்ல உள்ளே நுழைந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

2022 டிசம்பர். மார்கழிக் குளிர் மலையடிவாரத்தில் சற்றுக் கடுமையாகவே இருக்கும். அணைப் பக்கமிருந்து விடியற்காலையில் இறங்கும் காற்று தோப்புக்குள் தங்கிவிடும். முந்தைய இரவு கடையை அடைத்துவிட்டு நேரங்கழித்துத் திரும்பியிருந்தோம். பாதி வழியில் வால்வை எண்ணெய்க்குத் திருப்பியவர், களைப்பில் டீசலுக்கு மாற்றாமலே வண்டியை அணைத்துவிட்டார். எங்களில் யார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

தஹஜ்ஜுத் நேரத்தில் தொலைபேசி வந்தது. இராஜபாளையத்தில் குப்பி மௌத்தாகிவிட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். குப்பி அத்தாவின் மூத்த அக்கா. தாய் இறந்தபின் அத்தாவைத் தூக்கி வளர்த்தவர். காலை பத்து மணிக்கு அடக்கம் என்றார்கள்.

ஃபஜ்ரு தொழுதுவிட்டு வண்டியைக் கிளப்பினோம். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் எடுக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஃபில்டர் கண்ணாடியில் எண்ணெய் நெய்போல் உறைந்து வெளுத்திருந்தது. கடையில் ஊற்றுவது பாமாயில். அதில் கோழிக் கொழுப்பு வேறு கலந்திருக்கிறது. வெந்நீர் காய்ச்சி ஃபில்டர்மேலும் பம்ப்மேலும் ஊற்றினோம். மெக்கானிக்கைத் தொலைபேசியில் எழுப்பினோம். "பாய், கட்டாயப்படுத்தாதீங்க. அந்தப் பம்புக்குள்ள ஓடுற எண்ணெய்தான் அதுக்கு மசகு. உறைஞ்சதை வச்சுச் சுத்துனா உள்ளே பிடிச்சுக்கும்" என்றார். அவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். அத்தா வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். கட்டாயப்படுத்தினோம். வண்டி கிளம்பியது.

வத்திராயிருப்பைத் தாண்டி, கிருஷ்ணன்கோவில் சந்திப்பைத் தொடுவதற்கு முன், பம்பிலிருந்து ஒரு கீச்சொலி வந்தது. பிறகு எஞ்சின் நின்றது. மறுபடி எடுக்கவே இல்லை.

சாலையில் நாங்கள் நின்ற நேரம் ஒரு மணிக்குமேல் இருக்கும். ஒரு லோடு ஆட்டோ ஏற்றிக்கொண்டது. சந்திப்பிலிருந்து பேருந்து பிடித்தோம். இராஜபாளையத்தில் தெருமுனையை அடைந்தபோது ஆண்கள் கபரஸ்தானிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஜனாஸாத் தொழுகை முடிந்துவிட்டது. முகம் பார்க்க முடியவில்லை. அத்தா யாரோடும் பேசாமல் நேரே கபருக்குப் போனார். எல்லோரும் போட்டு முடித்த ஈரமண்ணின்மேல் குனிந்து தம் பங்குக்கு மூன்று கைப்பிடி மண் போட்டார். துஆ ஓதிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

திரும்பும்போது பேருந்தில் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "வண்டிமேலயும் கோபமில்ல, உங்கமேலயும் கோபமில்ல" என்றார். சற்றுப் பொறுத்து, "அவசரத்துக்கு நிக்கிற வண்டில இந்தச் சோதனையெல்லாம் வச்சுக்கலாமா?" என்று கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார். அதற்கு மேல் அவர் இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

பம்பைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே சுழலும் பாகம் கீறிப் பிடித்துக்கொண்டிருந்தது. நாசில்கள் நான்கிலும் முனையில் கரி பூத்திருந்தது. எஞ்சின் ஆயிலை வழக்கத்தைவிட இரு மடங்கு அடிக்கடி மாற்றிவந்ததால் ரிங்குகள் தப்பின. எல்லாம் சேர்ந்து 18,000 ரூபாய் ஆயிற்று. மூன்று ஆண்டுகளில் டீசலில் மிச்சமானதில் பெரும்பகுதி அப்படியே போயிற்று என்று நோட்டைப் பார்த்து எங்களில் கணக்கெழுதுபவர் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு தவறும் எங்களுக்கு உறைத்தது. பதிவுச் சான்றில் எழுதியிருப்பதற்கு மாறாக ஒரு வண்டியை மாற்றியமைக்க, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நம் விருப்பத்துக்கு விடுவதில்லை. வேறு எரிபொருளுக்கு மாறுவதும் அதில் அடங்கும். நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வண்டி நம்முடையது, எண்ணெய் நம்முடையது, இதில் யாரைக் கேட்பது என்று நினைத்திருந்தோம். சாலை நம்முடையதன்று. ஒரு விபத்து நேர்ந்திருந்தால் காப்பீடும் கைகொடுத்திருக்காது. அடிபட்டவருக்கு நாங்கள் என்ன பதில் சொல்லியிருப்போம்?

டிக்கியிலிருந்த டிரம்மைக் கழற்றினோம். மெக்கானிக்குக்கு மனமில்லை, ஒரு போர்வெல் ஜெனரேட்டருக்காவது மாட்டிவிடலாம் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடும் எஞ்சினுக்கு இது பொருந்தும் என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. கக்கனஹள்ளியில் ஓடியதும் அத்தகைய எஞ்சின்தான். தோப்பில் அதற்கு ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், பார்ப்போம்.

இப்போது பயோடீசலுக்காக எண்ணெய் எடுக்கும் ஒரு சேகரிப்பாளர் மாதம் ஒருமுறை வருகிறார். பக்கத்துக் கடைகள் நான்கைந்தோடு பேசி, எல்லோருடைய எண்ணெயையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்த பிறகே அவர் வரச் சம்மதித்தார். எடை போட்டு ரசீது தருகிறார். மொபெட்காரர் கொடுத்ததைவிடக் குறைவு. சேர்ந்த கடைகளில் இரண்டு, அந்த விலை வித்தியாசத்தைக் காரணம் சொல்லி விலகிவிட்டன. அவர்களை எங்களால் கடிந்துகொள்ள முடியவில்லை. நாங்கள் நின்ற இடம்தானே அது.

2025 கோடையில் கூமாப்பட்டியைப் பற்றிய ஒரு ரீல்ஸ் ஊரெல்லாம் பரவி, எங்கெங்கிருந்தோ மக்கள் பிளவக்கல் அணையைத் தேடி வரத் தொடங்கியதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அணைக்குள் விடவில்லை என்று திரும்பியவர்களுக்காகச் சாலையோரத்தில் பஜ்ஜி, மீன் பொரிக்கும் வண்டிகள் முளைத்தன. போகிற வழியில் நிறுத்தி, "பழைய எண்ணெயை என்ன செய்றீங்க?" என்று கேட்கிறோம். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் நாங்கள் அதிகாரிகளோ என்று பயப்படுகிறார்கள். ஒருவர், "அதெல்லாம் ஒருத்தர் வந்து வாங்கிக்குவார் பாய், சோப்புக்கு" என்றார். அவரிடம் எங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தோம். இதுவரை அவர் அழைக்கவில்லை.

அம்பாசடர் இப்போது டீசலில் ஓடுகிறது. வாசனை போய்விட்டதில் பிள்ளைகளுக்கு வருத்தம். கடையில் ஒவ்வொரு டின்னும் காலியானவுடன், பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன், அடியில் ஆணி வைத்து மூன்று துளைகள் போட்டுவிடுகிறோம். பச்சைக் கோடு இப்போது போடுவதில்லை.